கல்லீரல் சொன்ன நேரம்

அத்தியாயம் 3

ஒரு விஷக் கேஸுக்காகப் பல வருடம் காத்திருந்தவள் நான். இதை வெளியில் சொன்னால் யாரும் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

என் அலுவலகம் காந்திபுரத்தில் ஒரு வெட் கிரைண்டர் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே யாராவது கிரைண்டரை ஓட்டிப் பார்த்தால் மேலே என் மேஜை நடுங்கும். வந்தவர்கள் நான்தான் பயத்தில் நடுங்குகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். பலகையில் ‘சுலோச்சனா டிடெக்டிவ்ஸ்’ என்று பன்மையில் எழுதியிருக்கிறேன். நானும் பொங்கியண்ணனும்தான் அந்தப் பன்மை. எங்கள் பிழைப்பு கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்குப் பழைய காதல் உண்டா, மாமியார் குரல் எத்தனை வீடு தாண்டிக் கேட்கும். இதுவரை நான் கண்டுபிடித்த மிகப் பெரிய குற்றம் ஒரு விக்.

ஆகவே, வெள்ளிக்கிழமை காலை ரித்விக் வந்து உட்கார்ந்து, “எங்கப்பாவுக்கு பிரியாணியில விஷம் வெச்சுட்டாங்க மேடம்” என்றபோது, என் முகம் முறைப்படி வருத்தப்பட்டது. உள்ளே வேறொருத்தி எழுந்து நின்று புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

நடந்தது இதுதான். ரித்விக்கின் அப்பா ரங்கராஜுக்கு அன்னூர் பக்கம் நூல் மில். ரித்விக்குக்குக் கிணத்துக்கடவில் பெண் பேசி முடித்திருந்தார்கள். புதன்கிழமை மதியம் சம்பந்தி வீட்டாருக்கு விருந்து. கோட்டைமேட்டில் வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கும் உம்மல் குல்சும் என்ற அம்மாளிடமிருந்து பிரியாணி வந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். ரங்கராஜ் மட்டும் கை கழுவப் போன இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் கணையம் வீங்கியிருக்கிறது என்றார்கள். அவர் குடிக்கிறவர் இல்லை. ஸ்கேனில் பித்தக்கல்லும் தெரியவில்லை. காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள் டாக்டர்கள். ரித்விக் அவர்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டான்.

“எல்லாருக்கும் அண்டாவில வந்துச்சு. அப்பாவுக்கு மட்டும் தனி டப்பா. மேல அவர் பேர் எழுதி.” பிளாஸ்டிக் பையில் சுற்றிய எவர்சில்வர் டப்பாவை மேஜையில் வைத்தான். “இது ஒரு எவிடென்ஸ். இது ரெண்டாவது.” செல்போனில் ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் காட்டினான். இரண்டு எண்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம். “ஐ.எல்.-6, சி.ஆர்.பி. ரெண்டும் பயங்கர ஹை. ரத்தத்துல எவ்வளவு விஷம் இருக்குன்னு பாருங்க. எங்க குரூப்ல எல்லாத்துலயும் போட்டுட்டேன். ஆறு மணிக்கு மாமா வர்றார், ஸ்டேஷனுக்குப் போறோம். அதுக்குள்ள நீங்க எதாவது கண்டுபிடிச்சுக் குடுத்தீங்கன்னா கேஸ் ஸ்ட்ராங்கா இருக்கும்.”

அவன் படியிறங்கிப் போனான். அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். போன மாதம், பெண்ணின் அப்பா திருமலைசாமி கேட்டதற்காக, இதே ரங்கராஜ் குடும்பத்தை ரகசியமாக விசாரித்து ‘நோய் நொடி எதுவும் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். விஷம் என்றால் என் கையெழுத்து பிழைக்கும். நோய் என்றால் அது பொய்யாகிவிடும். ஒரு மனிதருக்கு யாராவது விஷம் வைத்திருக்க வேண்டுமே என்று மனதார வேண்டிக்கொண்டேன். பிள்ளையார் படம் எதிரில் இருந்ததால் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன்.

“ஏனுங்க அம்மணி,” என்றார் பொங்கியண்ணன். டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் டிக்கெட் கிழிக்கிற மாதிரி விரலை நாக்கில் தொட்டுத்தான் செல்போன் திரையைத் தள்ளுவார். “விஷம் வெச்ச ஊட்டுக்கு விசாரிக்கப் போறமே, அங்க டீ குடுத்தாக் குடிக்கலாங்களா?”

“நீங்க குடிங்க. நான் கவனிக்கிறேன்.”

“என்னைய இதுக்குத்தான் வேலைக்கு வெச்சிருக்கீங்கன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்லங்க.”

காரில் போகும்போது, பாதிச் சோறு மிச்சமிருந்த டப்பாவைத் திறந்தார். நான் கத்துவதற்குள் பேனாவின் பின்பக்கத்தால் கிளறியும் விட்டார்.

“கைரேகை!”

“அதை எடுக்கறதுக்கு நம்மகிட்ட என்னங்க இருக்குது? எங்கூட்டு முகப் பவுடரா?” மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். “அம்மணி, இங்க பாருங்க. மேல மட்டுந்தான் மஞ்சளு. உள்ள வெறும் வெள்ளைச் சோறு. கறி இல்லை, நெய் இல்லை, ஒரு பட்டைத் துண்டுகூட இல்லை. பொண்ணு பாக்க வந்தாப்பல மேல மட்டும் மேக்கப்பு.”

எனக்கு உடனே ஒரு கோட்பாடு தோன்றியது. என் கோட்பாடுகள் எப்போதும் உடனேதான் தோன்றும், அதுதான் அவற்றின் கோளாறு. “விஷத்தோட நிறம் தெரியாம இருக்க மேல மசாலா தூவியிருக்காங்க!”

“விஷம் வெக்கறவங்க மசாலாவைக் கூட்டுவாங்களா, கொறைப்பாங்களா?”

நான் சிக்னலைப் பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது.

*

உம்மல் குல்சும் வீட்டில் பிரியாணித் தேக்சாக்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஐம்பதைத் தாண்டிய அம்மாள். கண்கள் வீங்கியிருந்தன, ஆனால் முக்காடு ஒழுங்காக இருந்தது. ரித்விக் அனுப்பி வந்திருக்கிறோம் என்று சொன்ன பிறகும் எங்களை உட்காரச் சொல்லி டீ வைத்தார். பொங்கியண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரே மடக்கில் குடித்தார். பிறகு இன்னொன்று கேட்டார்.

“ஞாயித்துக்கெழமை ஒரு காதுகுத்து இருந்துச்சுங்க. வேண்டான்னு மெசேஜ் போட்டுட்டாங்க. அடுத்த வாரத்து நிக்காஹ்வும் போயிருச்சு,” என்றார் குல்சும். “எம் மவ ரூபினாவுக்கு அவ காலேஜ் குரூப்புலயே வந்துச்சாம். மொதல்ல ‘குல்சும் கேட்டரிங்ல வாங்காதீங்க’ன்னு இருந்துச்சு கண்ணு. மூணாவது ஆள் அனுப்பும்போது எம் பேரே இல்லை. ‘இவங்ககிட்ட வாங்காதீங்க’ன்னு வந்துச்சு.”

அந்த ‘இவங்க’ அறைக்குள் கொஞ்ச நேரம் நின்றது. பொங்கியண்ணன் தன் டம்ளரைத் தானே எடுத்துப்போய்க் கழுவி வைத்தார்.

“அந்தத் தனி டப்பா?” என்று கேட்டேன்.

“நாந்தான் குடுத்தேன்.”

“ஏன் தனியா?”

“அதைச் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“யாரு?”

அவர் கவிழ்த்து வைத்த தேக்சா ஒன்றை ஓரமாக நகர்த்தினார்.

“அக்கா, ஆறு மணிக்குப் போலீஸ்ல புகார் குடுக்கப் போறாங்க. உங்க தொழில் போயிரும்.”

“தெரியுமுங்க. வாக்குக் குடுத்துப்போட்டேன். அவர் நல்லபடியா எந்திரிச்சார்னா அவரே சொல்லட்டும். எந்திரிக்காமப் போயிட்டார்னா…” முக்காட்டின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். “போனவங்களுக்குக் குடுத்த வாக்கை யாருகிட்டப் போய்த் திருப்பிக் குடுக்கறது, சொல்லுங்க.”

படியிறங்கும்போது, குற்றவாளிகள் இப்படிப் பேச மாட்டார்கள் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. நீ எத்தனை குற்றவாளியைப் பார்த்திருக்கிறாய் என்று இன்னொன்று கேட்டது. விக் வைத்தவரையும் சேர்த்து ஒன்று.

*

டாக்டர் கதிரேசன் ஆர்.எஸ்.புரத்தில் வயிறு, குடல் பார்ப்பவர். ரங்கராஜைப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அவர் தங்கைக்கு நான் மாப்பிள்ளை விசாரித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த நன்றிக்காகச் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே விட்டார். ஊரே பார்த்துவிட்ட அறிக்கையை அவரிடம் நீட்டினேன்.

“இந்த சிவப்பு வட்டம் யார் போட்டது?”

“பையன்.”

“எம்.பி.ஏ.வா?”

“ஆமாங்க.”

“நெனச்சேன்.” தயிர்சாத டப்பாவைத் தள்ளி வைத்தார். “இது விஷம் இல்லைங்க. வெளியில இருந்தே வரலை. ரெண்டும் அவர் உடம்பே செஞ்ச புரதம். கணையம் நம்ம சாப்பாட்டை ஜீரணம் பண்ற என்சைமைத் தயாரிக்குது. அந்த என்சைம் குடலுக்குப் போய்த்தான் கண்ணைத் திறக்கணும். சில சமயம் உள்ளேயே திறந்துக்கும். அப்ப அது கணையத்தையே ஜீரணம் பண்ண ஆரம்பிச்சுரும்.”

“சமையக்காரனே அண்டாவுக்குள்ள உளுந்தாப்பல,” என்றார் பொங்கியண்ணன்.

“அதேதான். அடிபட்ட செல் சும்மா கிடக்காது, கூப்பாடு போடும். அந்தக் கூப்பாடுதான் இந்தப் புரதங்கள். சைட்டோகைன்னு பேரு. டி.என்.எஃப்., இன்டர்லூகின் ஒண்ணு, இன்டர்லூகின் ஆறுன்னு ஒரு கூட்டமே இருக்கு. இந்த ஐ.எல்.-6 அதில ஒருத்தர். கொரோனா சமயத்தில ஊரெல்லாம் இதைப் பத்தித்தான் பேசுச்சு. இவங்க ரத்தத்தில ஓடிப்போய், வாங்க வாங்கன்னு வெள்ளை அணுக்களைக் கூட்டிட்டு வருவாங்க. அளவாக் கூட்டினா காயம் ஆறும். அளவு மீறினா, வந்த கூட்டம் கையில கெடைச்சதையெல்லாம் அடிக்கும். நுரையீரல், கிட்னி. அதுக ஒரு தப்பும் பண்ணியிருக்காது. முதல் வாரத்தில சாகறவங்கள்ல முக்கால்வாசிப் பேரு கணையம் கெட்டதால சாகறதில்லைங்க. இந்தக் கூட்டத்தால சாகறாங்க.”

எனக்கு ரித்விக்கின் குரூப்புகள் ஞாபகம் வந்தன. பெரிய உண்மை ஒன்று என் மனதில் உதித்துக்கொண்டிருந்தது. அது முழுதாக உதிப்பதற்குள் டாக்டர் விரலால் மேஜையைத் தட்டினார்.

“உங்களுக்கு வேண்டியது மேல இருக்கிற வட்டத்தில இல்லை, கீழ இருக்கிறதில. சாப்பிட்டது எத்தனை மணிக்கு?”

“ஒண்ணரை.”

“ரத்தம் எடுத்தது?”

“நாலு.”

“ஐ.எல்.-6 ஓட்டக்காரன். சீக்கிரமாக் கெளம்பிப் போய்க் கல்லீரலுக்குச் சேதி சொல்வான். கல்லீரல் அதைக் கேட்டுத்தான் சி.ஆர்.பி.ங்கிற புரதத்தைச் செய்யும். கல்லீரல் அரசாங்க ஆபீஸ் மாதிரி. மனு குடுத்த உடனே எதுவும் நடக்காது. சி.ஆர்.பி. ரத்தத்தில ஏற ஆரம்பிக்கவே பல மணி நேரம் ஆகும். உச்சத்துக்குப் போக ரெண்டு நாள், மூணு நாள். இவருக்கு நாலு மணிக்கே இருநூறைத் தாண்டியிருக்கு. ஒண்ணரை மணிக்கு ஆரம்பிச்ச நோவுக்கு நாலு மணிக்குள்ள இந்த எண்ணு வரவே வராது.”

“அப்படின்னா?”

“சாப்பிட்டதால வலி வரலை. வலி இருக்கும்போது சாப்பிட்டிருக்கார். திங்கட்கிழமை வாக்கில ஆரம்பிச்சிருக்கணும்.”

“இதை ஏன் அந்த ஆஸ்பத்திரியில சொல்லலை?”

“சாப்பிட்டதும் வலிச்சுதுன்னு நோயாளியே சொன்னா அப்படித்தானே எழுதுவாங்க. எப்ப ஆரம்பிச்சிருந்தாலும் முதல்ல பண்ற வைத்தியம் ஒண்ணுதான். உயிரைப் பிடிச்சு நிறுத்தற அவசரத்தில, பழி யார் மேலங்கிறதை யாரு பார்க்கறாங்க?” தயிர்சாதத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டார். “ஒரு விஷயம். வேற காய்ச்சல், சீழ் எதாவது இருந்தாலும் சி.ஆர்.பி. ஏறும். அதனால இதை மட்டும் வெச்சுத் தீர்ப்புச் சொல்லிராதீங்க. அவரையே கேளுங்க.”

வெளியே வந்ததும் பொங்கியண்ணன் என் முகத்தைப் பார்த்தார். “ஒரு பொம்பளை தப்பிச்சுட்டாங்கன்னு தெரிஞ்சதும் எழவு விழுந்தாப்பல மூஞ்சியை வெச்சுக்கறீங்களே அம்மணி.”

“இல்லையே.”

“விஷம் போயிருச்சேன்னு வருத்தம். எனக்குத் தெரியாதுங்களா?”

தெரிந்திருந்தது. ஒரு பொம்மையைப் பிடுங்கிக்கொண்ட மாதிரிதான் இருந்தது எனக்கு. குல்சுமின் வீங்கிய கண்களைப் பார்த்துவிட்டு வந்த பிறகும் அப்படி இருந்தது. நாற்பத்தேழு வயதில் தன்னைப் பற்றி இப்படி ஒன்றைத் தெரிந்துகொள்வதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

*

ரங்கராஜை அன்று காலைதான் தீவிர சிகிச்சையிலிருந்து அறைக்கு மாற்றியிருந்தார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கணையத்துக்கு வந்த கூட்டம் நுரையீரலையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போயிருந்தது. அவர் மனைவி கனகம் குளிக்க வீட்டுக்குப் போயிருந்தார். வாசலில் ரித்விக், “எவிடென்ஸ் கெடைச்சுதுங்களா?” என்றான். “கெடைச்சுருக்கு. உங்கப்பாகிட்டத் தனியா ரெண்டு வார்த்தை பேசணும்,” என்று உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினேன். ஆஸ்பத்திரி கொடுத்த மாஸ்க்கைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு பொங்கியண்ணன் கதவோரம் நின்றார்.

“வலி எப்பங்க ஆரம்பிச்சுது?”

“புதன்கெழமைதானுங்க. சாப்பிட்டப்புறம்.”

“உங்க கல்லீரல் திங்கட்கிழமைன்னு சொல்லுதுங்க.”

அவர் என்னை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். “அது எப்பங்க உங்ககிட்டப் பேசுச்சு?”

சொன்னேன். ஓட்டக்காரன், அரசாங்க ஆபீஸ், டப்பாவின் வெள்ளைச் சோறு. ரங்கராஜ் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, ஏதோ சுமையை இறக்கி வைப்பது போலச் சொல்ல ஆரம்பித்தார்.

“திங்கக்கெழமை ராத்திரி புடிச்சுதுங்க. முதுகு வரைக்கும் குத்துச்சு. பாத்ரூம்ல பைப்பைத் திறந்துவிட்டுட்டு வாந்தி எடுத்தேன், கனகத்துக்குக் கேக்கப்படாதுன்னு. மறுநாள் மில்லுக்குப் போறேன்னு சொல்லிப்போட்டுப் பஞ்சுக் குடோன்லயே படுத்துக் கிடந்தேன். வலி மாத்திரை. புதன்கெழமை சம்பந்தி வாராங்க. சம்பந்தி எதுக்க உக்காந்து சாப்பிடாம இருக்க முடியுங்களா? ‘என்னங்க, சாப்பிடலையா, உடம்புக்கு என்ன’ன்னு ஒரு கேள்வி வந்துச்சுன்னா முடிஞ்சுது. குல்சும் அம்மாவுக்குப் போன் பண்ணி, எனக்கு மட்டும் வெறுஞ்சோறு, பாக்கப் பிரியாணியாட்ட இருக்கோணும், யாருக்கும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். எங்க ஊட்டு விசேஷத்துக்கெல்லாம் அவங்கதான் செய்யறது. மறுக்க மாட்டாங்க.”

“வயித்து வலிதானேங்க. சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே?”

“போயிருப்பனுங்க. பொண்ணு ஊட்டுல விசாரிக்க ஆள் விட்டிருந்தாங்க அம்மணி.” குரலைத் தாழ்த்தினார். “மில்லு வாசல்ல இருக்கற பேக்கரியில ஒருத்தன் வந்து, முதலாளிக்கு சுகர் இருக்குதா, பிரஷர் இருக்குதா, ராத்திரியில இருமறாரான்னு கேட்டிருக்கான். பேக்கரிக்காரர் அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிப்போட்டாரு. போறப்ப அவன் ஒண்ணு சொல்லிட்டுப் போனானாம். ‘எந்த ஆஸ்பத்திரியில யார் படுத்தாலும் சாயங்காலத்துக்குள்ள எங்க மேடத்துக்குத் தெரிஞ்சுரும்’னு. அதைக் கேட்டதுக்கப்புறம் நான் எங்கீங்க ஆஸ்பத்திரிக்குப் போறது? நிச்சயம் முடியட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.”

என் காதுக்குள் கிரைண்டர் ஓடுவது போலிருந்தது.

“அந்த ஆள் பாக்க எப்படி இருந்தானாம்?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

“வயசானவனாம். வெரலை நாக்குல தொட்டுத் தொட்டு செல்போனைத் தள்ளுவானாமுங்க.”

நான் திரும்பிப் பார்த்தேன். பொங்கியண்ணனின் விரல் மாஸ்க்கை நோக்கிப் பாதி தூரம் வந்து நின்றிருந்தது. செல்போனை அப்படியே பைக்குள் போட்டார்.

குற்றவாளியைத் தேடிப் போய், கடைசியில் கண்ணாடி முன்னால் நிற்பது என்பதெல்லாம் படிக்க நன்றாக இருக்கும். நிற்கும்போது கால் வலிக்கிறது. எந்த ஆஸ்பத்திரியிலும் எனக்கு ஆள் கிடையாது. மெடிக்கல் ஷாப்பில்கூட எனக்கு ஆள் கிடையாது. என் உதவியாளர் என் பெருமைக்காகச் சொன்ன ஒரு பொய், ஒரு மனிதரை ஒரு நாள் முழுக்கப் பஞ்சுப் பொதிகளுக்கு நடுவில் சுருண்டு படுக்க வைத்திருக்கிறது.

“அந்த மேடம் நான்தானுங்க,” என்றேன்.

ரங்கராஜ் என்னைப் பார்த்தார். கதவோரம் பார்த்தார். வயிறு குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்து, வலியில் முகம் சுருங்கி, “சிரிக்க வெக்காதீங்க, செத்துருவேன்,” என்றார்.

“அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நாந்தான் வாய்க்கு வந்ததை உளறிப்போட்டேன்,” என்றார் பொங்கியண்ணன். எந்த நகைச்சுவையும் அவரிடம் அப்போது இல்லை.

“குல்சும் அக்காவைப் பத்திச் சொன்னாங்களா உங்ககிட்ட?” என்று கேட்டேன்.

“அவங்களுக்கு என்ன?”

அவரிடமிருந்து செல்போனைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். ஒன்றும் தெரியாது. தனி டப்பா, சிவப்பு வட்டம், ஆறு மணிப் புகார், ‘இவங்க’ எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது.

“ஐயோ. நான் கேட்டதுக்காகச் செஞ்சு குடுத்த சோறுங்க அது.” மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். “அவங்க மேல தப்பில்லைன்னு சொல்லிப்போடறேன். எப்ப ஆரம்பிச்சுதுங்கறது மட்டும் வெளிய வேண்டாமுங்க. மறைச்சோம்னு சம்பந்தி நெனைச்சுட்டா பையனுக்கு…”

“எப்ப ஆரம்பிச்சுதுன்னு சொல்லாம அவங்க மேல தப்பில்லைன்னா யாருங்க நம்புவாங்க? பெரிய மனசு பண்ணி விட்டுட்டார்னு சொல்லுவாங்க. கறை அப்படியே இருக்கும்.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்தது. நோயாளியை மிரட்டவும் முடியாது. எனக்கு ஒரு வழிதான் இருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. என் செல்போனை எடுத்துத் திருமலைசாமியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தேன்.

“சொல்லுங்க மேடம்,” என்றது கிணத்துக்கடவு.

“உங்களுக்குக் குடுத்த ரிப்போர்ட் தப்புங்க. ரங்கராஜ் சாருக்குத் திங்கட்கிழமையே நோவு வந்துருச்சு. நாங்க விசாரிச்ச விதத்தால பயந்துபோய் மறைச்சுட்டார். பிரியாணியில ஒண்ணுமில்லை.”

தூரத்தில் தேங்காய் உரிக்கிற சத்தம் மாதிரி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது.

“நோவு வாரது யாருக்கும் வாரதுதானுங்க,” என்றார் திருமலைசாமி. “மறைச்சாங்க பாருங்க. அதைத்தான் யோசிக்கோணும்.”

“மறைக்க வெச்சது நானுங்க.”

“உங்களை அனுப்பிச்சது நானுங்களே.” மறுபடி அந்தச் சத்தம். “மௌனிகாகிட்டக் கேக்கறேன். கட்டிக்கப் போறவ அவதானே. நீங்க இனி எங்களுக்கு எதையும் விசாரிச்சுக் குடுக்க வேண்டாமுங்க.” வைத்துவிட்டார்.

ஒரு வாடிக்கையாளர் போனார். கிணத்துக்கடவில் அவருக்கு இருக்கும் சொந்தங்களையும் சேர்த்தால் ஒரு தாலுகாவே போயிருக்கும். ஆனால் ரங்கராஜ் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பியிருந்தார்.

“அதுதான் தெரிஞ்சுபோச்சே,” என்றார். “எம் பையனைக் கூப்பிடுங்க.”

*

ஆறு மணிக்கு ரித்விக் போலீஸ் ஸ்டேஷனில் இல்லை. குல்சும் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தான். நானும் பொங்கியண்ணனும் வாசற்படியில். வழியில் சி.ஆர்.பி. என்றால் என்ன என்று ஒரே ஒரு முறை கேட்டான். சொன்னேன். காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

“மன்னிச்சுருங்கம்மா. போட்டதையெல்லாம் டெலீட் பண்ணிட்டேன்,” என்றான்.

குல்சும் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. யாருக்காக என்று தெரியவில்லை. அவ்வளவு வெங்காயத்துக்கு அந்த வீட்டில் ஆள் இல்லை.

“உங்க குரூப்புல அழிச்சுட்டீங்க. மத்தவங்க குரூப்புல இருக்கறதை எப்படிக் கண்ணு அழிப்பீங்க?”

“முடியாதுங்க.”

“அப்பச் சொல்லுங்க. எழுத வேண்டாம். எழுதினா உங்கூட்டுல யாரோ எழுதிப்போட்டாங்கம்பாங்க. வாயால பேசி அனுப்புங்க. எங்கெங்க போட்டீங்களோ அங்கெல்லாம். இங்க நின்னுட்டு.”

ரித்விக் செல்போனை வாயருகே பிடித்தான். முதல் தடவை, “ஒரு சின்ன கிளாரிஃபிகேஷன்,” என்று ஆரம்பித்தான். குல்சும் கத்தியை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார், அவ்வளவுதான். அவன் அதை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். “நான் ரித்விக் பேசறேன். நான் சொன்னது பொய். எங்கப்பாவுக்கு ரெண்டு நாள் முன்னாடியே உடம்பு சரியில்லை. குல்சும் அம்மா சாப்பாட்டுல ஒண்ணும் இல்லை. அவங்களுக்கு அது தெரிஞ்சும், அப்பா கேட்டுக்கிட்டதால யார்கிட்டயும் சொல்லலை.” அடுத்த குரூப். மறுபடி முதலிலிருந்து. மில் குரூப், சொந்தக்காரர் குரூப், பள்ளிக்கூடத்து நண்பர்கள், அப்பார்ட்மெண்ட். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் கீழே இறங்கியது. கடைசித் தடவை உடைந்துபோய்ப் பேசினான்.

“அழாதீங்க கண்ணு, வெங்காயம்தான்,” என்றார் குல்சும்.

பொங்கியண்ணன் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். “நாளையில இருந்து நமக்குக் கேஸ் வருமுங்களா அம்மணி?”

“வராது.”

“கீழ கிரைண்டர் கடையில ஆள் கேட்டாங்க.”

“உங்களையா, என்னையா?”

“உங்களைத்தானுங்க. எனக்கு முதுகு வலி.”

உள்ளே குல்சுமின் செல்போன் அடித்தது. அலமாரியில், மசாலா டப்பாக்களுக்கு நடுவில், வெளிச்சம் போட்டுக்கொண்டு அதிர்ந்தது. அடுத்த அறையிலிருந்து ரூபினா எட்டிப் பார்த்தாள். ரித்விக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எடுங்கம்மா, ஆர்டராத்தான் இருக்கும்,” என்றான்.

குல்சும் கையைக்கூடத் துடைக்கவில்லை. கத்தியைப் பலகை மேல் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

“அடிக்கட்டும் கண்ணு. ரெண்டு நாளா அடிக்கவே இல்லை. கொஞ்சம் கேட்டுக்கறேன்.”